முதுகை அளந்து பெஞ்ச் வாங்குங்கள்!

செருப்புக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? காலை நீட்டுகிறோம். போட்டுப் பார்க்கிறோம். நாலு அடி நடந்தும் பார்க்கிறோம். 'சுண்டுவிரல் இடிக்குது... ஒரு சைஸ் பெரிசா குடுங்க' என்கிறோம். ஒரு ஜோடி செருப்புக்கே இத்தனை சோதனை!

ஆனால், பையன் வீட்டிலேயே வெயிட் தூக்கிப் பழக ஒரு பெஞ்ச் வாங்கும்போது மட்டும்... அட்டைப் பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். படத்தில் படுத்திருப்பவனின் மார்பு அகலம் தெரிகிறது. அவன் படுத்திருக்கும் பலகையின் அகலம் யார் கண்ணிலும் படுவதில்லை!

நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆள் நல்ல வாட்டசாட்டம். 'ஜிம்முக்குக் கட்டற பணத்தை வீட்டுலயே போடலாமே' என்று கணக்குப் போட்டார் நண்பர். மடக்கி வைக்கிற மாதிரி ஒரு பெஞ்ச், அதோடு சேர்ந்த ஸ்டாண்டு, ஒரு ராடு, நாலைந்து பிளேட்டு எல்லாம் வந்து இறங்கின. வீட்டில் ஒரே குதூகலம். பாட்டி எலுமிச்சம்பழம் வைத்து, சூடம்கூடக் காட்டினாராம்.

மூன்றே வாரம். பையனுக்கு வலது தோளில் வலி. 'சரியாத் தூக்கத் தெரியலைடா உனக்கு' என்று அப்பாவின் அர்ச்சனை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்து ஒரு பக்கத்து பிளேட்டைக் கழற்றியிருக்கிறான். அவ்வளவுதான்... மறுபக்கத்து பிளேட்டோடு ராடு அப்படியே குடை சாய்ந்து தரையில் இறங்கிவிட்டது. டைல்ஸ் இரண்டு துண்டு. பாட்டி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அதற்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி!

"இனிமே இந்தச் சனியன் இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்று தீர்ப்பாகிவிட்டது. நான் போனபோது பெஞ்சின் மேல் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. பையன் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. 'நமக்கு இதெல்லாம் ஒத்து வராது' என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, டேப் வைத்து அளந்து பார்த்தேன். பெஞ்சின் அகலம் 25 சென்டிமீட்டர். ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். விஷயம் விளங்கிவிட்டது. தப்பு பையன் மேல் பாதிகூட இல்லை. பெஞ்ச் அவன் அளவுக்கு இல்லை!

பத்து அங்குலத்தில் என்ன கெட்டுப்போகிறது?

மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும்போது, அந்த பாரத்தை எல்லாம் கடைசியில் தாங்குவது எது? கையல்ல, மார்பும் அல்ல. முதுகின் மேற்பகுதியில் இருக்கும் இரண்டு தோள்பட்டை எலும்புகள். அவை பின்னால் ஒடுங்கி, பலகையில் அழுந்தி உட்கார்ந்தால்தான் தோள் மூட்டுக்கு ஒரு அஸ்திவாரம் கிடைக்கும்.

குறுகிய பலகையில் என்ன ஆகிறது? பலகை முதுகெலும்பை மட்டும் தாங்குகிறது. தோள்பட்டை எலும்புகளின் வெளி ஓரங்கள் இரண்டு பக்கமும் அந்தரத்தில் தொங்குகின்றன. எடை கீழே வரும்போது தோள் முன்னும் பின்னும் நழுவுகிறது. உடம்பு படகு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைச் சமாளிப்பதிலேயே பாதி சக்தி போய்விடுகிறது.

தோள்வலிக்கு பெஞ்ச் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முழங்கையை உடம்புக்கு நேர் குறுக்கே அகட்டி வைப்பது, எடுத்த எடுப்பில் எடையைக் கூட்டுவது என்று வேறு காரணங்களும் உண்டு. வலி தொடர்ந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால், பலகையே ஆடும்போது சரியான முறையைக் கற்றுக்கொள்வது எப்படி? ஆடுகிற ஸ்டூலில் நின்று கோலம் போடச் சொன்ன கதைதான்!

அப்படியானால் எவ்வளவு அகலம் வேண்டும்? இதற்கு நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவே வேண்டாம். பவர்லிஃப்டிங் போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு, விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. பலகையின் அகலம் 29 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 32-க்கு மேலும் போகக் கூடாது. நீளம் குறைந்தது 122 சென்டிமீட்டர். தரையிலிருந்து உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர். ஐம்பது கிலோ ஆசாமியிலிருந்து நூற்றிருபது கிலோ பீமன் வரை எல்லோரும் படுப்பது இந்தப் பலகையில்தான்.

அதாவது, வீட்டு பெஞ்சுக்கும் போட்டி பெஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் நாலைந்து விரற்கடைதான். ஆனால், அந்த நாலைந்து விரற்கடையில்தான் தோள் உட்காருகிறது!

அப்போ... கட்டில் அகலத்துக்குப் போடலாமா?

'அகலம்தானே நல்லது? ஒன்றரை அடியாகவே போட்டுவிட்டால்?' என்று கேட்பீர்கள். வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் இதுவும் நஞ்சுதான்.

பலகை ரொம்ப அகலமானால், எடையை இறக்கும்போது மேல்கையும் முழங்கையும் பலகை ஓரத்தில் இடிக்கும். அதிலும் டம்பெல்லோடு படுப்பவர்களுக்கு இடைஞ்சல் அதிகம். கை இறங்க வேண்டிய இடத்தில் ஸ்பான்ஞ்சு வந்து மறிக்கும். பெரும்பாலோருக்கு 29-லிருந்து 32 சென்டிமீட்டர் கச்சிதம். முதுகு நிஜமாகவே விசாலமானவர்கள் 35 வரை போகலாம். ஒல்லியான பெண்களுக்கும், வளர்கிற பிள்ளைகளுக்கும் 28 சென்டிமீட்டரே போதுமானதாக இருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன்... முதுகை அளந்து பாருங்கள். நிமிர்ந்து நின்று, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் ஒடுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு, ஒரு தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பலகை அதற்கு அரை அங்குலம் அப்படி இப்படி இருக்கலாம். மூன்று நாலு அங்குலம் குறைந்தால், அது உங்களுக்கான பெஞ்ச் அல்ல.

கடைக்கே போய் வாங்குவதானால் இன்னும் சுலபம். வெட்கப்படாமல் படுத்துப் பாருங்கள்! காலைத் தரையில் ஊன்றி, தோளை ஒடுக்கி, வெறும் கையை மேலே தள்ளி இறக்குங்கள். பலகையின் ஓரம் முதுகைக் கோடு போட்டது மாதிரி வெட்டுகிறதா? உடம்பு ஆடுகிறதா? முழங்கை இடிக்கிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் பர்ஸைத் திறக்கலாம். தபாலில் வரவழைப்பதானால் படத்தை விட்டுவிட்டு, அளவுகள் எழுதியிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள். அகலம் எவ்வளவு என்றே போடாத பெஞ்சை விட்டுவிடுவது நல்லது.

ஸ்டாண்டிலும் ஒரு கணக்கு

பலகை ஒன்று மட்டும் அகலமாக இருந்தால் போதாது. ராடைத் தாங்கும் ஸ்டாண்டும் அகலமாக இருக்க வேண்டும். நண்பர் வீட்டு டைல்ஸ் உடைந்தது இதனால்தான்.

சின்னப் பிள்ளைகள் விளையாடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு ராடின் எடை 8 கிலோ. ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் என்றால், ராடின் நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 30 சென்டிமீட்டர். ராடைக் கீழே பிடித்து வைக்கிற சக்தி 8-ஐ 30-ஆல் பெருக்கினால் 240. ஒரு பக்கத்து பிளேட்டைக் கழற்றியாயிற்று. மறுபக்கத்தில் 10 கிலோ பிளேட்டு, நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது ஸ்டாண்டுக்கு வெளியே 30 சென்டிமீட்டரில் தொங்குகிறது. 10-ஐ 30-ஆல் பெருக்கினால் 300. 240-ஐ 300 ஜெயிக்கிறது. ராடு குடை சாய்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்!

இதே ஸ்டாண்டு ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்திருந்தால்? 8-ஐ 50-ஆல் பெருக்க 400. பிளேட்டு ஸ்டாண்டுக்கு வெளியே 10 சென்டிமீட்டர்தான், ஆக 100. ராடு அசைந்திருக்காது. போட்டி விதியில் ஸ்டாண்டின் உள்பக்க இடைவெளி குறைந்தது 110 சென்டிமீட்டர் என்று இருப்பது சும்மா இல்லை.

குறுகிய ஸ்டாண்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கை ஸ்டாண்டுக்கு வெளியே ராடைப் பிடிக்க வேண்டியிருக்கும். களைத்துப்போய் ராடைத் திரும்ப வைக்கும்போது, விரல் ராடுக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அகல ஸ்டாண்டில் கை இரண்டும் உள்ளேயே இருக்கும்.

ஆனால் ஒன்று. ஸ்டாண்டு வாங்கும்முன் ராடையும் அளக்க வேண்டும். பிளேட்டு வந்து முட்டி நிற்கிற இரண்டு வளையங்களுக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். ஸ்டாண்டு அதற்குள்ளே, இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். எப்படிப்பட்ட ஸ்டாண்டாக இருந்தாலும் சரி... பிளேட்டுகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் கழற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி பண்ணவே கூடாது.

வாங்கியாச்சே... இப்போ என்ன பண்ண?

'ஏற்கெனவே குறுகலான பெஞ்சை வாங்கித் தொலைச்சுட்டோமே, தூக்கிப் போட வேண்டியதுதானா?' என்று கவலைப்படாதீர்கள். சட்டம் உறுதியாக இருந்தால், பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதற்குத் தேவை ஒரு தச்சர், ஒரு வெல்டிங் பட்டறை, டூவீலர் சீட் கவர் தைக்கிற கடை. நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாத தெரு ஏது?

முதலில் பழைய பலகையைக் கழற்றுங்கள். அடியில் நாலு அல்லது ஆறு போல்ட்டு இருக்கும். அதே நீளத்துக்கு, 30 சென்டிமீட்டர் அகலத்தில், 18 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல பிளைவுட்டை வெட்டச் சொல்லுங்கள். மூலைகளையும் மேல் ஓரங்களையும் உருட்டி இழைத்துவிட வேண்டும். பழைய பலகையை மேலே வைத்து, போல்ட்டு ஓட்டைகளை அதே இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பான்ஞ்சு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சோபாவுக்குப் போடுகிற மெத்தென்ற ஸ்பான்ஞ்சு ஆகவே ஆகாது. படுத்ததும் உடம்பு புதைந்துவிடும், மறுபடியும் ஆட்டம்தான். துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்கிற, கட்டை விரலால் அமுக்கினால் சட்டென்று பள்ளம் விழாத 'ரீபாண்டட்' ஃபோம் கேளுங்கள். 5 சென்டிமீட்டர் கனம் போதும். அதன் மேல் ரெக்ஸினை இழுத்து, அடிப்பக்கம் ஸ்டேப்பிள் அடித்துவிடுவார்கள். வழுக்குகிற பளபள ரெக்ஸின் வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதைப் பாருங்கள். வியர்வையில் நழுவாது.

இப்போது முக்கியமான கட்டம். பலகை அகலமாகிவிட்டது, அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் பழைய அகலம்தான். அதனால் பலகையின் குறுக்கே மூன்று இடங்களில் இரும்புப் பட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் வளையும். அதைவிட முக்கியம், தரையில் ஊன்றும் குறுக்குக் கால்கள். பலகையை அகலமாக்கிவிட்டுக் காலைக் குறுகலாகவே விட்டால், ஓரத்தில் உட்கார்ந்ததும் பெஞ்ச் கவிழும். குறுக்குக் கால் பலகையைவிட இரண்டு பக்கமும் ஒரு கையகலமாவது நீண்டிருக்க வேண்டும். நுனியில் ரப்பர் புஷ்.

சட்டத்தில் நீங்களாக எங்கேயும் புது ஓட்டை போடாதீர்கள். பாரம் தாங்குகிற பைப்பில் ஓட்டை விழுந்தால் பலம் போச்சு! சட்டமே மெல்லிசு, கையால் ஆட்டினால் கடகடவென்கிறது என்றால், அதன் மேல் எவ்வளவு அகலப் பலகை போட்டும் பிரயோஜனமில்லை. அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம். பெஞ்ச் தாங்குகிற எடை என்று எழுதியிருப்பதில் படுக்கிறவரின் எடையும் சேர்த்தி என்பதையும் மறக்க வேண்டாம். 80 கிலோ ஆள் 60 கிலோ தூக்கினால், பெஞ்சுக்கு அது 140 கிலோ. தாங்கும் அளவு அதைவிட நன்றாகவே தாராளமாக இருக்க வேண்டும்.

புதுப் பலகை போட்டதும் உயரத்தை அளந்து பாருங்கள். ஃபோமும் பிளைவுட்டும் சேர்ந்து சில சென்டிமீட்டர் கூடியிருக்கும். படுத்தால் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். குதிகால் தூக்கிக்கொண்டு நின்றால், காலுக்கு அடியில் ஆடாத பலகைக் கட்டை இரண்டு போட்டுக்கொள்ளலாம்.

'தண்டால் எடுத்தவன் பெஞ்சா வெச்சிருந்தான்?'

வீட்டுப் பெரியவர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கரலாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியுமே உடம்பை வளர்த்த ஊர்தான் இது. பிறகு சாண்டோ என்ற பலசாலியின் பெயர் கடல் கடந்து வந்து, நம் ஊரில் பட்டப்பெயராகவும் பனியன் பெயராகவும்கூட ஒட்டிக்கொண்டது. 1925-ல் இறந்துபோன அந்த சாண்டோ காலத்தில்கூட, இன்று நாம் பார்க்கிற பெஞ்ச் பிரஸ் கிடையாது. தரையில் படுத்துத்தான் தள்ளினார்கள்.

ஆனால், தண்டாலில் முகத்துக்கு மேலே இரும்பு தொங்குவதில்லையே! தோள்பட்டையும் சுதந்திரமாக அசைகிறது. அதனால் பெஞ்ச் இல்லாவிட்டால் உடம்பு தேறாது என்று நான் சொல்ல மாட்டேன். பட்ஜெட் இடிக்கிறதா? குறுகலான மட்ட ரக பெஞ்சை வாங்குவதைவிட, தரையில் பாய் விரித்துப் படுத்து டம்பெல்லைத் தள்ளுவது எவ்வளவோ மேல். முழங்கை தரையைத் தொட்டதும் தானாக நின்றுவிடும், தோளுக்கும் பத்திரம். ஆறு மாசம் அப்படிச் செய்து, ஆர்வம் நிலைத்தபிறகு நல்ல பெஞ்ச் வாங்கலாமே.

பெஞ்ச் வந்தபிறகும் சில கறார்கள். பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாதபோது ராடு வேண்டாம், டம்பெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டை விரல் ராடைச் சுற்றியே இருக்க வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கிக்கொண்டு தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர், இதய நோய், குடலிறக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மடக்கு பெஞ்ச் என்றால் சின்னக் குழந்தைகளின் விரல் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இது பையனுக்கு மட்டுமா?

கடைசியாக ஒன்று. அகல பெஞ்ச் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது, வீட்டிலிருக்கும் ஒரே ஒரு வாலிபனுக்காக அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கோ, உடம்பின் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வாரத்தில் மூன்று நாள்! நடைப்பயிற்சி போகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற அம்மாக்களுக்கும் இது பொருந்தும்.

பத்து அங்குலப் பலகையில் எந்த அம்மா நம்பிப் படுப்பார்? எந்தத் தாத்தா உட்காருவார்? அதுவே ஒரு அடி அகலத்தில், 43 சென்டிமீட்டர் உயரத்தில், ஆடாமல் நிற்கிற பெஞ்ச் என்றால்... அது கிட்டத்தட்ட நம் நாற்காலி உயரம். அதைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாலே பெரியவர்களுக்குத் தொடையில் வலு கூடும். அம்மா ஒரு கையை அதில் ஊன்றி, மறு கையால் இரண்டு கிலோ டம்பெல்லை இழுக்கலாம். ஒரு பெஞ்ச், மூன்று தலைமுறை!

நண்பர் வீட்டில் பலகையை மாற்றினார்கள். குறுக்குக் காலை நீட்டினார்கள். அந்தக் குறுகலான ஸ்டாண்டை அடியோடு எடுத்துவிட்டார்கள், இப்போதைக்கு டம்பெல்தான். பையன் மறுபடி படுக்கிறான், தோளைப் பார்த்த டாக்டர் சொன்ன அளவோடு. போன வாரம் போயிருந்தேன். பெஞ்சில் துணி இல்லை. பாட்டி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

"எட்டு ஆயிடுச்சு தம்பி... பேசி எண்ணிக்கையை மறக்கடிக்காதே" என்றார்.

பெஞ்ச் வாங்கப் புறப்படுகிறீர்களா? பர்ஸோடு டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்!